ரோட்ரிங் 600 வாங்கவா, பென்டெல் பி205 வாங்கவா?

போன முறை பழைய டிராஃப்டிங் பென்சில்களை, அதாவது ஸ்கேல் வைத்துத் தொழில்நுட்பப் படம் வரைகிற, லெட் போடும் பென்சில்களை எடுத்துக் காட்டினேன் அல்லவா, அதைப் பார்த்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், நானும் சேகரிக்கலாம் என்று இருக்கிறேன். முதலில் ரோட்ரிங் 600 வாங்கவா, பென்டெல் பி205 வாங்கவா? 600-க்கு ஏன் இவ்வளவு மவுசு?"

மவுசு எல்லாம் உடம்பைப் பார்த்து வருவது தம்பி. வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குக் காது புளித்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: முதலில் மூக்கைப் பாருங்கள்.

இதோ, கிட்டே காட்டுகிறேன். முனையில் ஊசி மாதிரி ஒரு எஃகுக் குழாய், நீளம் 4 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்துப் பென் பென்சில் பலவற்றில் கூம்பு நேராக லெட்டில் போய் முடியும். அதை ஸ்கேல் ஓரமாக வைத்தால் கூம்பு இடிக்கும், பென்சில் சாயும், கோடு விளிம்பை விட்டு விலகிவிடும். இதில் குழாய்தான் விளிம்பை உரசிக்கொண்டு போகிறது. லெட் தேயாது, கோடு எங்கே விழுகிறது என்பதும் மறைக்காமல் தெரியும்.

இந்த விஷயத்தில் நீங்கள் கேட்ட இரண்டும் ஒன்றுதான். மற்றபடி 600 என்பது 1989-இல் ஜெர்மனியில் வந்த பித்தளை உடம்பு. ஆறு பட்டை, பிடியில் லேத் பட்டறையில் நர்லிங் என்பார்களே, அந்தச் சொரசொரப்பு. எடை 22 கிராம் இருக்கும். ஜப்பான்காரரின் பி205 பிளாஸ்டிக், அதில் பாதிகூட வராது. எட்டு மணி நேரம் வரைகிற கைக்கு எது சுகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அந்த மூக்கை எப்படிக் காப்பாற்றுவது? டிராயிங் ஆபீஸில் சேர்ந்த புதிதில், போர்டு சரிவில் வைத்த என் பென்சில் வழுக்கி மொசைக் தரையில் மூக்கு குத்தி விழுந்தது. தப்பு என்னுடையதுதான். குழாய் லேசாக வளைந்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். குறடால் நிமிர்த்தப் போனேன், கையோடு வந்துவிட்டது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மரப் பென்சிலை நீட்டினார். அதுதான் அதிகம் வலித்தது.

இதற்குத்தான் ரோட்ரிங் 800-இல் பின்பக்கம் திருகினால் மூக்கு உள்ளே போய்விடும். 1971-இல் பென்டெல் வேறு வழி பிடித்தது: கெர்ரி என்ற பென்சில். பேனா மாதிரி மூடி. மூடியைப் பின்னால் மாட்டினால், மூடியில் இருக்கும் பொத்தான் உள்ளே உள்ள பொத்தானை அழுத்தும். நான் இதை ஒரு மணி நேரம் சும்மா மூடித் திறந்துகொண்டிருப்பேன், வீட்டில் திட்டுவார்கள்.

சரி, உங்கள் கேள்வி. பி205-இல் ஆரம்பியுங்கள், அப்புறம் 600. பழையது வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் மூக்கைப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள். உடம்புப் படம் கேட்காமலே பத்து அனுப்புவார்.