ராப் வீடியோவில் பெண்கள்: "அது அவங்க கலாச்சாரம்" என்றால் சரியாகிவிடுமா?

வணக்கம். நீங்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்க முடியாது, அதனால் இன்றைக்கு ஒன்றே ஒன்று. ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், காதில் எந்நேரமும் அமெரிக்க ராப்தான். ஒரு நாள் அவன் ஃபோனில் ஓடிய வீடியோவை எட்டிப் பார்த்திருக்கிறார், அதில் பெண்களைக் காட்டிய விதம் சகிக்கவில்லை. என்னடா இது என்று கேட்டதற்கு, "அம்மா, இது கறுப்பினத்தவங்களோட கலாச்சாரம், நீ குறை சொன்னா அது நிறவெறி" என்று வாயை அடைத்துவிட்டானாம். அவன் சொல்வது சரியா, நான் பேசாமல் இருந்துவிடவா என்று கேட்கிறார்.

பையன் கெட்டிக்காரன். கிட்டத்தட்ட இதே வாதத்தை 1990-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய பேராசிரியர் நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொன்னார், அவர் யாருக்காகச் சொன்னாரோ அவர்கள் விடுதலையும் ஆனார்கள். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உங்களுக்கு வேண்டிய பதில் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கிறது.

மயாமியில் டூ லைவ் க்ரூ என்று ஒரு ராப் குழு. 1989-ல் ஒரு ஆல்பம் போட்டார்கள். வரிகளை இங்கே சொன்னால் இந்தச் சேனல் மிஞ்சாது. முழுக்கப் பெண்ணின் உடம்பு, அதை என்ன செய்வேன், எப்படிச் செய்வேன் என்கிற பேச்சு, சில இடங்களில் அவளுக்கு வலிப்பதுதான் பாடுகிறவனுக்குப் பெருமை. 1990 ஜூனில் ஃப்ளோரிடாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி இந்த ஆல்பம் ஆபாசம் என்று தீர்ப்பெழுதினார். அமெரிக்காவில் ஒரு இசை ஆல்பத்தை ஃபெடரல் நீதிமன்றம் ஆபாசம் என்று அறிவித்தது அதுதான் முதல் தடவை. தீர்ப்பு வந்த சூட்டோடு அதை விற்ற ஒரு கடைக்காரரைக் கைது செய்தார்கள், அவரும் கறுப்பினத்தவர்தான். அப்புறம், பெரியவர்களை மட்டும் உள்ளே விட்ட ஒரு கிளப்பில் பாடியதற்காகக் குழுவினரையும் பிடித்தார்கள்.

குழுவினர் மேல் நடந்த வழக்கு விசாரணையில்தான் நான் முதலில் சொன்ன பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் வந்தார், கறுப்பின இலக்கியத்தில் பெரிய அறிஞர். இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, மிகைப்படுத்துவது, நக்கலடிப்பது, வாய்ச்சண்டையில் ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சுவது எல்லாம் கறுப்பின மக்களின் வாய்மொழி மரபில் ரொம்ப காலமாக இருக்கிறது என்றார். பொய் இல்லை. நம் ஊர் தெருக்கூத்தில் கட்டியங்காரன் பேசாத பச்சையா, வெளியூரிலிருந்து ஒருவர் வந்து அதை எழுதிக்கொண்டு போய் நீதிபதியிடம் நீட்டினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஜூரியும் ஒத்துக்கொண்டது, அக்டோபரில் குழுவினர் விடுதலை. 1992-ல் மேல் நீதிமன்றம் அந்த ஆபாசத் தீர்ப்பையே ரத்து செய்தது. கடைக்காரர்தான் பாவம், அவருக்கு மட்டும் தண்டனையாகி அபராதம் போட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் உங்கள் பையன் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 1991-ல் கிம்பர்லே கிரென்ஷா என்கிற சட்டப் பேராசிரியர், அவரும் கறுப்பினப் பெண்தான், இந்த வழக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இரண்டு பக்கத்தையும் விடவில்லை. முதலில் அரசாங்கத்தைக் கேட்டார்: மேடையில் இதே மாதிரி பேசிக் காசு பண்ணுகிற வெள்ளைக்கார நகைச்சுவைக்காரர்களை ஏன் யாரும் தொடவில்லை, கறுப்பின ஆண்கள் பேசினால் மட்டும் ஏன் கைவிலங்கு? அப்புறம் பெண்களின் மானத்தைக் காப்பாற்றவே வந்த மாதிரி பேசினீர்களே, அந்தப் பாட்டில் திட்டு வாங்குகிறவள் கறுப்பினப் பெண், அவளைப் பற்றி உங்களில் யாருக்கு அக்கறை இருந்தது? இதைக் கேட்டுவிட்டு அப்படியே கேட்ஸ் பக்கம் திரும்பினார். சரி, மரபு, நகைச்சுவை, ஒத்துக்கொள்கிறேன், அந்த நகைச்சுவையில் அடி வாங்குகிறது யார்? மரபில் இருக்கிறது என்பதற்காக அது எனக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா?

நான் நிற்கிற இடமும் இதுதான். உங்கள் பையன் "கறுப்பினத்தவர்" என்று சொல்லும்போது அவன் மனதில் இருப்பது மைக் பிடித்திருக்கிற ஆண்கள் மட்டும். பெண்களும் அதே இனம், அவர்களுக்கும் அதே கலாச்சாரம், அந்த வீடியோக்களை முதலில் எதிர்த்தவர்களில் அவர்களும் உண்டு. அவர்களையும் நிறவெறி என்பானா?

ஆனால் பையனின் வாதத்தை இளக்காரமாக நினைத்துவிடாதீர்கள், அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். 1830-களிலேயே வெள்ளைக்கார நடிகர்கள் எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைப் போல நொண்டி ஆடிப் பாடி, ஊரைச் சிரிக்க வைத்துப் பணம் பார்த்தார்கள். அதில் தாமஸ் ரைஸ் என்பவர் போட்ட வேஷத்தின் பெயர் ஜிம் க்ரோ. பின்னால் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி என்று ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர் வந்தது என்றால் பாருங்கள். 1928-ல் ரேடியோவில் தொடங்கி நாடே கேட்ட ஆமோஸ் அண்ட் ஆண்டி நிகழ்ச்சியில் கறுப்பினக் குரலில் பேசியது இரண்டு வெள்ளைக்காரர்கள். ஆக நூறு வருஷமாகத் தங்களைப் பற்றிய படத்தை வேறு யாரோ வரைந்து விற்றதைப் பார்த்த சமூகம் அது, வெளியாள் யாராவது "உங்கள் கலாச்சாரமே மோசம்" என்று ஆரம்பித்தால் கோபம் வரத்தான் செய்யும்.

கறுப்பினப் பெண்களுக்கு அந்தக் காலத்துச் சினிமாவில் கிடைத்தது பெரும்பாலும் இரண்டே அச்சு. ஒன்று, குண்டான, நல்ல மனசுள்ள, எஜமானர் வீட்டுக்காகவே உயிர் வாழ்கிற வேலைக்காரி. இன்னொன்று, ஆண்களை மயக்குகிற காமக்காரி. முதல் அச்சில் நடித்துத்தான் ஹாட்டி மெக்டேனியல் 1940-ல் ஆஸ்கர் வாங்கினார், அந்த விருது வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். படத்தில் அவருடைய பாத்திரத்துக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, ஆயா என்கிற மாதிரி ஒரு கூப்பிடு சொல், அவ்வளவுதான். விழா நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டலில் கறுப்பினத்தவரை உள்ளே விடுவதில்லை, தயாரிப்பாளர் தனியாகப் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. உள்ளே விட்ட பிறகும் கூட நடித்தவர்களோடு உட்கார விடவில்லை, ஓரமாக ஒரு சின்ன மேசை. விருதை வாங்கிக்கொண்டு அந்த மேசைக்கே திரும்பிப் போனார். நடிப்புக்காக அடுத்த கறுப்பினப் பெண்ணுக்கு ஆஸ்கர் கிடைத்தது 1991-ல், வூப்பி கோல்ட்பெர்க். கதாநாயகிக்கான விருது 2002-ல் ஹாலே பெர்ரிக்கு, அந்தப் பிரிவில் இதுவரை வாங்கிய கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது அச்சு எங்கே போனது? நீங்கள் ஃபோனில் பார்த்தீர்களே, அங்கேதான். ஆனால் இந்தத் தடவை படம் பிடிக்கிறவர்களில் கறுப்பின ஆண்களும் இருக்கிறார்கள், பணம் போடுகிறது பெரிய கம்பெனி.

ராப் அப்படிப் பிறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு பார்ட்டி. இசைத்தட்டுகளைச் சுழற்றிய டீஜே கூல் ஹெர்க்தான், ராப் பிறந்த ஹிப்ஹாப்பின் தந்தை என்று எல்லோரும் சொல்வார்கள். பார்ட்டியை ஏற்பாடு செய்தது அவருடைய தங்கை சிண்டி கேம்பெல், பள்ளி திறக்கிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50. தந்தை பெயர் வரலாற்றில் ஏறிவிட்டது, அறையைப் பிடித்துச் சீட்டு விற்ற தங்கையின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1979-ல் ராப்பை முதல் பெரிய ஹிட் இசைத்தட்டாக்கியவர் சில்வியா ராபின்சன், அவரும் கறுப்பினப் பெண்.

அப்புறம் எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்றால், எனக்குத் தெரிந்து கல்லாப்பெட்டிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அங்கே வாராவாரம் எந்த ஆல்பம் முதலிடம் என்று பட்டியல் போடுவது பில்போர்டு பத்திரிகை. 1991 மே வரைக்கும் கடைக்காரர்களைக் கேட்டு, என்ன நன்றாக ஓடுகிறது என்று அவர்கள் சொல்வதை வைத்துப் பட்டியல் போடுவார்கள். ராப் நிறைய விற்றாலும் வாய்க்கணக்கில் அது பல நேரம் அடிபட்டுப் போகும். அந்த மே மாதக் கடைசியில், கல்லாவில் பார்கோடு வைத்து உண்மையான விற்பனையை எண்ண ஆரம்பித்தார்கள். ஜூனிலேயே என்.டபிள்யூ.ஏ. என்கிற கேங்ஸ்டர் ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. புறநகர் மால்களில் வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகள் இதை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறதோ அதற்குத்தானே காசு போடுவார்கள்? துப்பாக்கி, கார், கூட ஆடுகிற பெண்கள். வேறு விதமாகப் பாடியவர்கள் இல்லாமல் போகவில்லை, ஆனால் பெரிய பணம் போனது இந்தப் பக்கம்.

எதிர்த்தார்களா என்றால், எதிர்த்தார்கள். சி. டெலோரஸ் டக்கர் என்று ஒரு அம்மா, சிவில் உரிமைப் போராட்டத்தில் இருந்தவர், 1971-லேயே பென்சில்வேனியா மாநில அரசில் பெரிய பதவி வகித்தவர். 90-களில் டைம் வார்னர் கம்பெனியின் பங்குகளை வாங்கி, பங்குதாரர் கூட்டத்துக்கே போய் நின்று கேள்வி கேட்டார். அந்தக் கம்பெனி அதிகாரிகளிடம் பாட்டு வரிகளை நீட்டி, இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள் என்றார், யாரும் படிக்கவில்லை. ராப் பாடகர்கள் அவரைப் பெயர் சொல்லியே பாட்டில் திட்டினார்கள். 1995-ல் டைம் வார்னர், இந்தப் பாட்டுகளை வெளியிட்ட இன்டர்ஸ்கோப் என்கிற இசைக் கம்பெனியில் இருந்த தன் பங்கைக் கைகழுவியது, அடுத்த வருஷமே வேறொரு பெரிய கம்பெனி உள்ளே வந்துவிட்டது, பாட்டு அதே பாட்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2004-ல் அட்லாண்டாவில் நடந்தது. ஸ்பெல்மன் கல்லூரி, கறுப்பினப் பெண்களுக்காகவே ஆரம்பித்த கல்லூரி. நெல்லி என்கிற பெரிய ராப் நட்சத்திரம் அங்கே வருவதாக ஏற்பாடு. நல்ல காரியத்துக்குத்தான், அவருடைய அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை தானத்துக்கு ஆள் சேர்க்கிற முகாம். ஆனால் அப்போது அவருடைய ஒரு வீடியோ நள்ளிரவு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒரு பெண்ணின் பின்பக்கத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்கிற காட்சி, கடையில் தேய்ப்பார்களே அதே மாதிரி. மாணவிகள் முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள், எங்கள் உடம்பிலிருந்து மஜ்ஜை கேட்கிறீர்கள், அந்த வீடியோவில் எங்களைப் போன்ற ஒருத்தியின் உடம்பை என்ன செய்தீர்கள் என்று உட்கார்ந்து பேசலாம், இதுதான் அவர்கள் கேட்டது. அவர் தரப்பு முகாமையே ரத்து செய்தது. மாணவிகள் தாங்களே தனியாக ஒரு மஜ்ஜை தான முகாம் நடத்தினார்கள். மறு வருஷம் அவருடைய அக்கா இறந்துபோனார், பல வருஷம் கழித்தும் நெல்லி அந்த மாணவிகள் மேல் கோபமாகத்தான் பேசினார். அக்காவைப் பறிகொடுத்தவரின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் மாணவிகள் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

அந்த வீடியோக்களை மறுபடி பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். கேமராவுக்குப் பக்கத்தில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் மாநிறம், நேராக்கிய கூந்தல், நல்ல கறுப்பாக இருக்கிறவர்கள் பின் வரிசையில், இல்லை, வரிசையிலேயே இல்லை. இதில் நாம் உச்சுக்கொட்ட முடியாது. நம் சினிமாவில் கறுப்பான கிராமத்துப் பெண் வேண்டுமென்றால் சிவப்பான நடிகைக்கு மேக்கப் போட்டுக் கறுப்பாக்குகிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேசாமல் இருக்க வேண்டாம், ஃபோனைப் பிடுங்கவும் வேண்டாம். "அந்த ஆளுங்களே அப்படித்தான்" என்கிற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது, வந்தால் அவன் சொன்னது சரியாகிவிடும். பெண்கள் பாடிய ராப்பில் என்ன கேட்டிருக்கிறாய் என்று கேளுங்கள். குயின் லத்தீஃபா 1993-ல் போட்ட யூனிட்டி பாட்டை அவனையே போடச் சொல்லிக் கூட உட்கார்ந்து கேளுங்கள். தெருவில் நடந்து போகிறவளை ஒருத்தன் பின்னாலிருந்து தொடுகிறான், அவள் திரும்பி அவன் கண்ணிலேயே ஒரு குத்து விடுகிறாள், அது அந்தப் பாட்டிலேயே வருகிறது. இசைக்கான கிராமி விருது வாங்கிய பாட்டு. லாரின் ஹில் 1999-ல் ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கினார், அதையும் தேடச் சொல்லுங்கள்.

அவன் சும்மா இருக்க மாட்டான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். லில் கிம், கார்டி பி, மேகன் தி ஸ்டாலியன் என்று பெண்களே பாடிய பச்சையான பாட்டுகளை எடுத்துப் போட்டு, இதற்கு என்ன சொல்கிறாய் என்பான். அங்கே பேசுகிறது அவள், ஆசை அவளுடையது, சம்பளமும் அவளுக்கு, அதனால் நான் அதை டூ லைவ் க்ரூ கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் எவ்வளவோ விதமாகப் பாடத் தெரிந்த பெண்கள் இருக்கும்போது கம்பெனிகள் இந்த ஒரு விதத்துக்கே ஏன் இவ்வளவு செலவு செய்கின்றன என்றும் கேட்பேன். கறுப்பினப் பெண்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி, சண்டை இன்னும் ஓயவில்லை. அவன் எந்தக் கட்சி என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.