பாடக்கூடாத தேசிய கீதம்

வணக்கம் நண்பர்களே! போன வீடியோவுக்குக் கீழே சிலர் எழுதியிருந்தீர்கள்: "அரசோட கொள்கையை ஏற்காதவனுக்கு நாட்டுப்பற்றே கிடையாது." இந்தப் பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. அரசு எந்தக் கொள்கையை எடுத்தாலும் மக்கள் தங்களை யாரென்று நினைக்கிறார்கள் என்பது தனி விஷயம். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

எந்த நாட்டை எடுத்தாலும் முதலில் அதன் தேசிய கீதத்தைத்தான் கேட்பேன், உங்களுக்குத் தெரியும். இந்த முறை கிழக்கு ஜெர்மனி, அதாவது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரண்டாகப் பிரிந்திருந்த ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த பாதி. யோஹன்னஸ் பெஹர் எழுதி, ஹன்ஸ் ஐஸ்லர் இசையமைத்த 1949-ஆம் ஆண்டுப் பாட்டு. என்ன மெட்டு! திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து அரசு விழாக்களில் வெறும் வாத்திய இசைதான், யாரும் பாட மாட்டார்கள். காரணம், முதல் சரணத்தில் வரும் ஒரே ஒரு வரி: "ஜெர்மனி, ஒன்றுபட்ட தாயகம்."

பாட்டு பிறந்தபோது இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகும் என்று கிழக்கை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியே பேசிக்கொண்டிருந்தது. 1971-இல் ஹோனெக்கர் அந்தக் கட்சியின் தலைமைக்கு வந்தார். அப்புறம் பேச்சு மாறியது: மேற்கில் இருப்பது முதலாளித்துவ தேசம், நம்முடையது தனி சோஷலிச தேசம். அப்படியென்றால் அந்த வரியை எப்படிப் பாடுவது? பாட்டைத் தூக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. பாடாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்! இத்தனைக்கும் பாட்டை எழுதிய பெஹர் முன்பு கிழக்கு ஜெர்மனி அரசிலேயே பண்பாட்டு அமைச்சராக இருந்தவர்.

அட, அரசியலமைப்பை விட்டுவிட்டேனே! 1968-இல் தங்களை "ஜெர்மன் தேசத்தின் சோஷலிச அரசு" என்று எழுதிக்கொண்டவர்கள், 1974-இல் திருத்தி, "தொழிலாளர், விவசாயிகளின் சோஷலிச அரசு" என்று ஆக்கினார்கள். ஆறே வருடத்தில் ஜெர்மன் தேசம் காணோம்! காகிதத்தில்தான். வீட்டிலும் தெருவிலும் மக்கள் ஜெர்மானியர்களாகவேதான் இருந்தார்கள்.

1989 நவம்பர் 9-இல் பெர்லின் சுவர் திறந்தது. அதற்குப் பிறகு லைப்ஸிக் நகரத் திங்கட்கிழமை ஊர்வலங்களில் கூட்டம் என்ன முழங்கியது தெரியுமா? அதே வரி! அரசு வாயடைத்து வைத்திருந்த அதே வரி! எனக்குச் சிலிர்த்துவிட்டது. 1990 பிப்ரவரி 1 அன்று கிழக்கு ஜெர்மனியின் பிரதமர் மோட்ரோ இணைப்புக்கான திட்டத்தை முன்வைத்தபோது, அதற்குத் தலைப்பே அந்த வரிதான். அவர் அதே கட்சியில் வளர்ந்தவர்!

சரி, அடுத்த வீடியோவில் சோவியத் கீதம். 1956 முதல் 1977 வரை அதுவும் வார்த்தையில்லாமல்தான் ஒலித்தது. பாட்டில் ஸ்டாலின் பெயர் இருந்ததே, அதனால்தான்.