தீர்ப்பைப் படிக்காத செய்தி

(சட்டக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனம் என்றாலே கட்சிச் சண்டை என்று நாம் பழகிவிட்டோம். எப்போதும் அப்படி இருந்ததில்லை. அதிபர் பரிந்துரைக்கும் நீதிபதிக்கு ஒப்புதல் தருவது நாடாளுமன்றத்தின் மேலவையான செனட். 1986இல் அந்தோனின் ஸ்கேலியாவுக்கு செனட்டில் 98 வாக்குகள் விழுந்தன. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. அவர் அழுத்தமான பழமைவாதி என்பது ஊரறிந்த செய்தி. 1993இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் 96–3. பெண்ணுரிமை வழக்குகளில் வாதாடிப் பெயர் பெற்றவர் அவர். அதே கின்ஸ்பர்க் இறந்தபின் அவர் இடத்துக்கு 2020இல் வந்த ஏமி கோனி பேரட்டுக்கு 52–48. எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரும் ஆதரிக்கவில்லை.

இந்த வீழ்ச்சிக்கு அரசியல்வாதிகளைக் குறை சொல்வது எளிது. அவர்கள் மேல் குற்றம் இருக்கிறது, வருகிறேன். அதைவிட எனக்கு வேதனை தருவது, நீதிபதி என்ன காரணம் எழுதினார் என்று மக்களிடம் சொல்லும் வேலையைச் செய்தித்துறை கைவிட்டுவிட்டதுதான். இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

1987ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு 1949 முதல் ஒரு விதி இருந்தது. பொதுப் பிரச்சினைகளைப் பேச வேண்டும், பேசும்போது மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும். 1969இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. 1986இல் வாஷிங்டன் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்த விதியை நாடாளுமன்றம் சட்டமாக்கவில்லை, இது ஒளிபரப்பு ஆணையத்தின் சொந்த விதிதான் என்றது அந்தத் தீர்ப்பு. அப்படியானால் ஆணையமே அதை நீக்கிவிடலாம் அல்லவா? நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு, அதைச் சட்டமாக்க மசோதா நிறைவேற்றியது. 1987 ஜூனில் அதிபர் ரீகன் மசோதாவைத் தம் அதிகாரத்தால் நிராகரித்தார். ஆகஸ்டில் ஆணையம் விதியைக் கைவிட்டது.

அந்த 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி யார் தெரியுமா? ராபர்ட் போர்க். அமர்வில் அவரோடு சேர்ந்து உடன்பட்டவர் ஸ்கேலியா. விதி நீக்கப்பட்ட அதே கோடையில்தான் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்கு ரீகன் பரிந்துரைத்திருந்தார். அறிவிப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடி செனட்டில் எழுந்தார். போர்க்கின் அமெரிக்காவில் பெண்கள் சந்து பொந்துகளில் கருக்கலைப்புச் செய்துகொள்ள நேரும், கறுப்பின மக்கள் உணவகத்தில் தனியாக உட்கார வேண்டிவரும் என்று முழங்கினார். நடிகர் கிரெகரி பெக் குரலில் தொலைக்காட்சி விளம்பரம் ஓடியது. ஒரு செய்தியாளர், போர்க் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ படங்களின் பட்டியலை வாங்கி அச்சிட்டார். அதில் தவறான படம் ஒன்றும் இல்லை. ஒரு நீதிபதியை அளக்க வாடகைப் படப் பட்டியலா அளவுகோல்? அந்த அத்துமீறல் எவ்வளவு உறுத்தியது என்றால், மறு ஆண்டே நாடாளுமன்றம் வாடகை வீடியோ விவரங்களைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

போர்க் 42–58 என்று தோற்றார். இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. அவரை நிராகரித்தது தவறு அல்ல. உணவகம், விடுதிகளில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை 1963இல் அவரே எதிர்த்து எழுதியிருந்தார். செனட் குழு அவரைப் பல நாள் கேள்வி கேட்டது, அவர் மறைக்காமல் பதில் சொன்னார். ரீகனின் குடியரசுக் கட்சியினரிலேயே ஆறு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த விசாரணை நல்ல சட்ட வகுப்பு. ஆனால் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது முப்பது வினாடி, ஒரு நிமிட விளம்பரங்கள்தாம். ஒளிபரப்பு விதியின் தலையெழுத்தை மாற்றிய அவருடைய தீர்ப்பை, இன்றைக்கும் போர்க் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லிக் கேட்பது அரிது. அவருக்குப் பின் வந்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். செனட்டில் மனம் திறந்து பதில் சொல்லும் வழக்கமே போய்விட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிடுகிறேன். அந்த விதி இருந்திருந்தால் பழமைவாதத் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் நியூஸ் வந்திருக்காது என்பார்கள். அது பொது அலைவரிசைக்கு உரிமம் பெற்ற நிலையங்களுக்கான விதி. 1996இல் தொடங்கிய ஃபாக்ஸ் நியூஸும் எம்எஸ்என்பிசியும் கேபிள் வழி வந்தவை. விதி நீங்கியதால் நேராக மாறியது வானொலி. பழமைவாத வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி 1988இல் நாடு முழுதும் ஒலிக்கத் தொடங்கியது. ஒரு தரப்பை மட்டும் நாள்தோறும் பேசினாலும் தொழில் நடக்கும் என்று அது காட்டியது. கேபிள் நிலையங்கள் அந்தப் பாதையில் பின்னால் வந்தன.

இனி அந்த வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைக் கவனியுங்கள். அரசுத் துறைகளின் விதிகளைப் பரிசீலிக்கும் நீதிமன்றம் என்பதால், உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த முக்கியம் அதற்குத்தான். அதற்குக் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பரிந்துரைத்த மிகெல் எஸ்ட்ராடாவை ஜனநாயகக் கட்சியினர் விவாதத்தை முடிக்க விடாமலே தடுத்தார்கள். விவாதத்தை முடிக்க அப்போது 60 வாக்கு வேண்டும். 2003இல் அவர் விலகிக்கொண்டார். பத்தாண்டு கழித்து 2013 மே மாதம், திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகமுள்ள ஸ்ரீ சீனிவாசன் அதே நீதிமன்றத்துக்கு 97–0 என்று ஒப்புதல் பெற்றார். நம் பத்திரிகைகள் அதைப் பெருமையோடு எழுதின. அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதியிருக்க வேண்டும். அதே ஆண்டு அதே நீதிமன்றத்துக்கு ஒபாமா பரிந்துரைத்த அடுத்த மூவரையும் குடியரசுக் கட்சியினர் தடுத்தார்கள். நவம்பரில் செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் 52–48 வாக்கில், நியமனங்களுக்கான 60 என்ற வரம்பையே உடைத்தார். உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் வரம்பு மிஞ்சியது. 2017இல் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் அதையும் உடைத்தார்.

2016 பிப்ரவரியில் ஸ்கேலியா இறந்தார். அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மெரிக் கார்லண்டை ஒபாமா மார்ச்சில் பரிந்துரைத்தார். தேர்தல் ஆண்டு, மக்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லி மெக்கானல் விசாரணைகூட நடத்தவில்லை. இதே சூழல் எங்கள் கட்சி அதிபருக்கு வந்தால் என் சொல்லை எனக்கு எதிராகவே பயன்படுத்துங்கள் என்றார் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரகாம். 2020இல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு பேரட் ஒப்புதல் பெற்றார். அந்த விசாரணைக்குத் தலைமை வகித்தவர் அதே கிரகாம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1992இல், தேர்தல் முடியும்வரை பரிந்துரை வேண்டாம் என்று செனட்டில் பேசியவர் அப்போது ஜனநாயகக் கட்சி செனட்டராக இருந்த ஜோ பைடன். அப்போது காலியிடம் எதுவும் இல்லை. ஒரு தரப்பு ஊடகம் பைடன் பேச்சையே திரும்பத் திரும்பப் போட்டது, இன்னொரு தரப்பு கிரகாம் பேச்சையே போட்டது. நடுநிலை என்று பெயர் எடுத்தவையோ இரண்டையும் அருகருகே வைத்து, இரு கட்சியும் ஒன்றுதான் என்று முடித்தன. எனக்கு இது ஏற்புடையதல்ல. போர்க்குக்கு விசாரணை கிடைத்தது, வாக்கெடுப்பு கிடைத்தது. கார்லண்டுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. சமமில்லாத இரண்டைச் சமம் என்று எழுதுவதும் ஒருதலைச் செய்திதான்.

2018இல் பிரெட் கவனா விசாரணையைச் சுமார் 2 கோடிப் பேர் நேரலையில் பார்த்தார்கள். அவர் மீது பாலியல் குற்றச்சாட்டு. அது கேட்கப்பட வேண்டிய குற்றச்சாட்டு, அந்தப் பெண்மணி பேச இடம் கிடைத்தது சரி. ஆனால் கவனா அதே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிய தீர்ப்புகள்? கார்லண்டும் அவரும் ஒரே அமர்வில் உட்கார்ந்தபோது பெரும்பாலான வழக்குகளில் ஒத்த முடிவுக்கே வந்தார்கள். இரு முகாம்களின் அடையாளமாகிவிட்ட இரு பெயர்கள். இந்தத் தகவல் வெளிவந்தது, சண்டைக்கு உதவாததால் நிற்கவில்லை.

இப்போது செய்தியின் முதல் வரியிலேயே 'டிரம்ப் நியமித்த நீதிபதி', 'ஒபாமா நியமித்த நீதிபதி' என்று வருகிறது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2018இல் அப்படிப்பட்ட நீதிபதிகள் எங்களிடம் இல்லை என்று அறிக்கையே விட்டார். அவர் சொன்னதை முழுதாக ஏற்க முடியாது. யார் நியமித்தார் என்பது பல பெரிய வழக்குகளில் முடிவைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் 2020இல், ஓரினச் சேர்க்கையாளர்களையும் திருநர்களையும் அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீல் கோர்சச். சட்டத்தின் சொல்லை அப்படியே படித்து அங்கே போய்ச் சேர்ந்தார். முதல் வரி முத்திரையை மட்டும் நம்பிய வாசகனுக்கு இது புரிந்திருக்கவே முடியாது.

கருக்கலைப்புத் தீர்ப்பைப் பாருங்கள். 2022 மே மாதம் வரைவு கசிந்தது. கசியவிட்டது யார் என்பதே நாள்கணக்கில் செய்தி. ஜூன் 24இல் தீர்ப்பு வந்ததும் சில இடங்களில் 6–3, சில இடங்களில் 5–4 என்று கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொன்னார்கள். இரண்டும் சரி. ஏன் இரண்டும் சரி என்று கேட்டால் பலரால் சொல்ல முடியவில்லை. பதினைந்து வாரத்துக்குப் பிறகான கருக்கலைப்பைக் கட்டுப்படுத்திய மிசிசிப்பி சட்டம் செல்லும் என்றவர்கள் ஆறு பேர். கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக ஏற்ற, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பழைய முன்தீர்ப்பை அடியோடு ரத்து செய்தவர்கள் ஐந்து பேர். இடையில் நின்ற ஒருவர் குடியரசுக் கட்சி அதிபர் நியமித்த தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். வழக்கைத் தீர்க்க எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மேல் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியதில்லை என்று அவர் தனியாக எழுதினார். அந்தத் தனித் தீர்ப்பு சில பக்கங்கள்தாம். நீதிமன்ற இணையதளத்தில் அன்றே வெளியாகிவிட்டது.