பலூனை மூடிவிட்டுப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக வெளிவரும் காமிக்ஸ் இதழ்களைப் பற்றி இன்று பேசலாம். இது நல்லது, அது சுமார் என்று பட்டியல் வாசிக்கப்போவதில்லை. ஒரு புது இதழ் நன்றாக இருக்கிறதா என்று நாமே கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்ததை விமர்சனமாகச் சொல்வது எப்படி என்பதுதான் பேச்சு. பக்கத்தில் ஏதாவது ஒரு காமிக்ஸ் இருந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வானொலியில் படம் காட்ட முடியாது. உங்கள் கையில் இருக்கும் பக்கம்தான் நமக்குப் படம்.

பெரும்பாலான காமிக்ஸ் விமர்சனங்களில் நாயகன் எங்கே போனான், வில்லன் என்ன செய்தான், யார் செத்தார்கள் என்று கதைச் சுருக்கத்துக்கே முக்கால்வாசி இடம் போய்விடும். கடைசியில் “ஓவியங்கள் அருமை” என்று ஒற்றை வரி. இதையே ஒரு நாவலுக்கும் சொல்லலாம், சினிமாவுக்கும் சொல்லலாம். காமிக்ஸ் என்று எதற்காக ஒன்று தனியாக இருக்கிறதோ, அதைப் பற்றி அந்த விமர்சனத்தில் ஒரு சொல்லும் இருக்காது.

முதலில் பக்கக் கணக்கைப் பாருங்கள். அச்சகத்தில் பெரிய தாளை மடித்து வெட்டும்போது பெரும்பாலும் 16, 16 பக்கமாகத்தான் வரும். அதனால்தான் 32, 48, 64 என்று இதழ்கள் அமைகின்றன. அமெரிக்க மாத இதழ் ஒன்று 32 பக்கம். விளம்பரம் போக, கதை 20 முதல் 22 பக்கம். ஆல்பம் எனப்படும் பிரெஞ்சு-பெல்ஜியக் காமிக்ஸ் புத்தகம் பெரும்பாலும் 48 பக்கம். அதில் கதை 44 அல்லது 46. டின்டின் ஆல்பங்களில் 62. ஜப்பானிய வார இதழில் ஒரு மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், அத்தியாயம் ஏறக்குறைய 20 பக்கம். பல அத்தியாயங்களைச் சேர்த்த தனிப் புத்தகம் 200 பக்கத்தை ஒட்டி வரும். டெக்ஸ் வில்லர் போன்ற இத்தாலியக் கதைகள் கருப்பு-வெள்ளையில், ஒரு புத்தகத்துக்கு நூறு பக்கத்தைத் தொட்டும் தாண்டியும் போகும்.

இந்தக் கணக்கு தெரியாவிட்டால் தீர்ப்பு தப்பிவிடும். ஓர் ஆல்பத்தைப் படித்த கையோடு அமெரிக்கத் தொடர் ஒன்றின் முதல் இதழை எடுத்து, “ஒன்றுமே நடக்கவில்லையே” என்று அலுத்துக்கொள்வோம். அங்கே ஐந்து அல்லது ஆறு இதழ்களைச் சேர்த்துப் பின்னால் ஒரு தொகுப்பாகப் போடுவது வழக்கம். எழுத்தாளர் அந்தத் தொகுப்பை மனதில் வைத்தே கதையை நீட்டுகிறார். அதற்காக முதல் இதழை மன்னித்துவிட வேண்டும் என்பதில்லை. 20 பக்கத்துக்குள் கதாபாத்திரம் யார், அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு தெரிந்திருக்க வேண்டும். அதுவும் தெரியவில்லை என்றால் எழுத்தாளர் நம் காசில் முன்னுரை எழுதுகிறார் என்று பொருள்.

இனி படிக்கும் முறை. குறைந்தது இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை சாதாரண வேகத்தில், நிறுத்தாமல். எங்கே கண் தடுக்கி, ஒரு கட்டத்தை, அதாவது சட்டம் போட்ட ஒரு படத்தை, திரும்பப் பார்க்க வேண்டியிருந்ததோ அந்தப் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை வசனம் இருக்கும் வட்டங்களை, அதாவது பலூன்களை, படிக்காமல், முடிந்தால் சிறு காகிதத் துண்டால் மூடிக்கொண்டு, படங்களை மட்டும் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார், கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, அடித்தவர் யார், விழுந்தவர் யார் என்று படத்திலேயே தெரிய வேண்டும். அடுத்தடுத்த நான்கு கட்டங்களிலும் ஒரே முகம், ஒரே கோணம், பலூன் மட்டும் மாறுகிறது என்றால் அந்தப் பக்கத்தை வசனம் தாங்குகிறது, ஓவியம் தாங்கவில்லை. சிரிப்புக் காட்சியில் அது வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். சண்டைக் காட்சியில் இருந்தால் சோம்பல்தான்.

தடுக்கிய பக்கங்களுக்குத் திரும்பி வாருங்கள். முக்கால்வாசித் தடுக்கலுக்குக் காரணம் இரண்டே. ஒன்று, பேசும் வரிசை. இடமிருந்து வலமாகப் படிக்கும் மொழியில் முதலில் பேசுகிறவர் கட்டத்தின் இடப்பக்கம் நிற்க வேண்டும். ஓவியர் அவரை வலப்பக்கம் நிறுத்திவிட்டால், பலூனின் வால் இன்னொருவர் தலைக்கு மேலே குறுக்கே ஓடும். பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்விக்குப் போவோம். மற்றொன்று, உயரமான ஒரு கட்டமும் அதன் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்களும் இருக்கும் அமைப்பு. உயரமான கட்டம் இடப்பக்கம் இருந்தால் சிக்கல் இல்லை. வலப்பக்கம் இருந்தால், மேல் கட்டத்திலிருந்து நேரே அதற்குத் தாவுவதா, கீழே இறங்குவதா என்று கண் திணறும். கைதேர்ந்தவர்கள் பலூனை இரண்டு கட்டங்களுக்கு நடுவே பாலம் போல வைத்து வழிகாட்டிவிடுவார்கள்.

சொற்களையும் எண்ணிப் பாருங்கள். சூப்பர்மேன் இதழ்களுக்கு 1970 வரை ஆசிரியராக இருந்த மார்ட் வைசிங்கர் பெயரில் ஒரு பழைய கணக்கு வழங்குகிறது: பக்கத்துக்கு ஆறு கட்டம், கட்டத்துக்கு 35 சொல், ஆக 210 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. இது ஆங்கிலக் கணக்கு. தமிழில் பல சொற்கள் ஒட்டி ஒன்றாகிவிடுவதால் எண்ணிக்கை இன்னும் குறைய வேண்டும். வரம்பு மீறினால் படத்தின் பாதியைப் பலூன் விழுங்கும், அல்லது எழுத்து சிறுத்துப்போகும்.

மொழிபெயர்ப்பு இதழ் என்றால் இந்த இடத்தில்தான் அதிகம் அடிபடும். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடுவதால் மங்கா பலூன்கள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதற்குள் கிடைமட்ட எழுத்தை அடைக்கும்போது வரிக்கு ஒரு சொல்கூட நிற்காது. தமிழில் “பேசிக்கொண்டிருந்தபோது” என்ற ஒரு சொல்லுக்கே 11 எழுத்து. “பேசிக்” என்று ஒரு வரி, “கொண்டிருந்தபோது” என்று மறு வரி உடைத்தால் படிக்கலாம். “பேசிக்கொ” என்று நிறுத்தி “ண்டிருந்தபோது” என்று தொடங்கினால் வாசிப்பு கல் தடுக்கியது போல நின்றுவிடும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தாலே பாதிக் கோளாறு தீரும். படார், டமால், சதக் போன்ற ஓசைச் சொற்களையும் கவனியுங்கள். மூலத்தில் ஓவியர் கையால் வரைந்திருப்பார். மொழிபெயர்ப்பில் கணினி எழுத்தை மேலே ஒட்டினால் பின்னணி ஓவியமும் சேர்ந்து மறையும்.

அடுத்தது பக்கம் திருப்பும் இடம். இதைப் பற்றி விமர்சனங்களில் யாரும் பேசுவதே இல்லை, எனக்கு இதுதான் ஆச்சரியம். இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்பக்கம் வரும். அதன் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும். தாளைத் திருப்பினால் இரட்டைப்படைப் பக்கத்தில், உள்ளே யார் என்று தெரியும். அதிர்ச்சி தாளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மறுபதிப்பில் விளம்பரப் பக்கங்களை எடுத்துவிட்டாலோ, முன்னால் ஒரு முன்னுரைப் பக்கம் கூடினாலோ, இரட்டை ஒற்றையாகிவிடும். அப்போது அந்த ரகசியம் எதிர்ப் பக்கத்திலேயே திறந்து கிடக்கும், ஓரக்கண்ணில் பட்டுவிடும். இரண்டு பக்கம் சேர்ந்து ஒரே படமாக வரவேண்டியது தாளின் முன்னும் பின்னுமாகப் பிரிந்துபோவதும் இதே பிழையால்தான். கவனமுள்ள பதிப்பாளர் அந்த இடத்தில் ஓர் அட்டைப்படத்தையோ வெற்றுப் பக்கத்தையோ சேர்த்துச் சரிக்கட்டுவார்.

தடித்த தொகுப்புகளுக்கு இன்னொரு நோய், பைண்டிங். இரண்டு பின் அடித்த மெல்லிய இதழ் தட்டையாக விரியும். பசை மட்டும் போட்ட பெரிய தொகுப்பு விரியாது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, அங்கிருக்கும் பலூனின் கடைசி எழுத்துகள் உள்ளே போய்விடும். வாங்குமுன் புத்தகத்தை நடுப்பக்கத்தில் திறந்து மேசையில் வைத்துப் பாருங்கள். நூலால் தைத்தது என்றால் ஓரளவு தானே படுத்திருக்கும்.

அளவு பற்றி ஒரு கணக்கு. ஆல்பம் ஏறக்குறைய 22 செ.மீ. அகலம், அமெரிக்க இதழ் 16.8 செ.மீ. ஆல்பத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் ஒவ்வொரு கோடும் முக்கால் பங்காகிறது, பரப்பளவு 58 சதவீதமாகிறது. 3 மில்லிமீட்டர் உயர எழுத்து 2.3 ஆகிவிடும். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டம் போடும் ஐரோப்பிய ஓவியருக்கு இது பெரிய அநீதி. அமெரிக்க ஓவியர்கள் 11-க்கு 17 அங்குல அட்டையில் வரைந்து, சுருங்கி அச்சாகும் என்று தெரிந்தே கோட்டின் தடிமனை வைக்கிறார்கள். ஆல்ப ஓவியரின் கோட்டிலோ இந்த இரண்டாவது சுருக்கத்துக்கு இடமே இருக்காது.

வண்ணத்துக்கு வருவோம். பழைய அமெரிக்க இதழ்களில் மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றையும் பூஜ்யம், கால், அரை, முழு என்று நான்கு அளவில் கலந்து 64 நிறங்கள் எடுத்தார்கள். அச்சானது மட்டமான செய்தித்தாள் காகிதத்தில். அது மையை உறிஞ்சி நிறத்தை மங்கடிக்கும் என்று தெரிந்தே அழுத்தமாக வண்ணம் கொடுத்தார்கள். அதே வண்ணக் குறிப்பை இன்று வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சடித்தால் கண் கூசும். “வண்ணம் மட்டம்” என்று ஓவியரைத் திட்டுமுன் எந்தத் தாளில் பார்க்கிறோம் என்று யோசிக்க வேண்டும். மறுவண்ணம் என்பது கதையின் மனநிலையையே மாற்றும். 1988-இல் வந்த ‘தி கில்லிங் ஜோக்’ என்ற பேட்மேன் இதழுக்கு ஜான் ஹிக்கின்ஸ் அடர்ந்த, பகட்டான நிறங்கள் தந்தார். 2008 பதிப்பில் ஓவியர் பிரையன் போலண்டே எல்லாவற்றையும் மாற்றி, பழைய நினைவுக் காட்சிகளைக் கருப்பு-வெள்ளையாக்கி, சிவப்பை மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக விட்டார். இரண்டையும் ஒரே புத்தகம் என்று சொல்லி விமர்சித்தால் கேட்பவருக்குக் குழப்பம்தான்.

‘அகிரா’ இதைவிட நல்ல உதாரணம். ஜப்பானில் கருப்பு-வெள்ளையில், வலமிருந்து இடமாக வந்த கதை. 1988-இல் அமெரிக்காவில் கணினி வண்ணம் பூசி, பக்கங்களைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி வெளியிட்டார்கள். திருப்பினால் வலக்கைக்காரர் இடக்கைக்காரராவார், வண்டிகள் சாலையின் மறுபக்கம் ஓடும். 2017 பதிப்பில்தான் மூலத் திசையும் ஜப்பானிய ஓசை எழுத்துகளும் அப்படியே ஆங்கிலத்துக்கு வந்தன. ஆகவே விமர்சனத்தின் முதல் வரியிலேயே எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று சொல்லிவிடுங்கள்.

கைபேசியில் படித்தால் அதையும் சொல்ல வேண்டும். கட்டம் கட்டமாகத் திரை நகரும்போது பக்க அமைப்பு என்ற ஒன்றே காணாமல் போகிறது. வாட்ச்மென் போல ஒன்பது கட்டச் சட்டகத்தில் கட்டிய கதையில் அந்தச் சட்டகம்தான் தாளம். அதைத் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு மெதுவாகப் போகிறது என்று சொல்வது நியாயமில்லை. மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் வெப்டூன் என்ற இணையக் காமிக்ஸ் அச்சுக்கு வரும்போது நேர்மாறான சிக்கல். திரையில் இரண்டு கட்டங்களுக்கு இடையே இருந்த நீண்ட வெற்றிடம்தான் அங்கே மௌனம். அச்சில் இடம் மிச்சம்பிடிக்க அதை வெட்டினால் பயக் காட்சியில் பயம் இருக்காது.

முன்பதிவு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க இதழ்களின் அறிவிப்பு இரண்டு, மூன்று மாதம் முன்பே வரும்; கடைகளின் இறுதி ஆர்டர் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பு முடிந்துவிடும். அந்த அறிவிப்பில் அட்டைப்பட ஓவியர் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே வரைபவர் வேறொருவராக இருப்பது சர்வசாதாரணம். நான்காம், ஐந்தாம் இதழில் ஓவியர் மாறுகிறாரா என்றும் பாருங்கள். மாதம் 20 பக்கம் தொடர்ந்து வரைவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. புதிய ‘1’ என்ற எண்ணுக்கும் பெரிய பொருள் கிடையாது, பழைய தொடரே எண்ணை மாற்றிக்கொண்டு வரலாம். ஒரே இதழுக்கு வேறு வேறு படத்துடன் வரும் மாற்று அட்டைகளைச் சேமிப்பு என்று நினைப்பவர்கள் 1991-இல் ஐந்து அட்டைகளில் வந்த எக்ஸ்-மென் முதல் இதழை நினைத்துக்கொள்ளட்டும். 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் ஆர்டர் போனது. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அது அரிய பொருளாகவே இல்லை.

எழுதும்போது எழுத்தாளர், ஓவியர், மை தீட்டியவர், வண்ணம் கொடுத்தவர், எழுத்து அமைத்தவர், மொழிபெயர்ப்பாளர் என எல்லாப் பெயரையும் சொல்லுங்கள். கதையை முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவிழ்க்காதீர்கள். நட்சத்திரம் கொடுப்பதற்குப் பதில் ஒரு பக்க எண்ணைக் கொடுங்கள்: “14-ஆம் பக்கம், மூன்றாம் கட்டம், பலூன் வரிசை தவறு” என்று சொன்னால் கேட்பவர் தானே எடுத்துப் பார்த்து, நீங்கள் சொன்னது சரியா என்று முடிவு செய்துகொள்வார். தொடர்கதை என்றால் ஆறாவது இதழ் வந்ததும் முதல் இதழைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். குறை என்று நினைத்தது பின்னால் விதையாக முளைத்திருந்தால், பழைய விமர்சனத்தை அழிக்காமல் அதன் கீழேயே தேதியுடன் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வணக்கம்.