உப்பை மறக்காத மூலக்கூறு

நேயர்களுக்கு வணக்கம்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிற ஒரு பொருளோடுதான் பல வருடமாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். டி.என்.ஏ.வைத்தான் சொல்கிறேன். உப்போடு ஒரு தடவை ஒட்டிவிட்டால் லேசில் விடாது. அதை எடை போடுவதற்கு முன்னால் அந்த உப்பை எப்படிக் கழற்றுகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

டி.என்.ஏ.வை எந்தத் தராசில் எடை போடுவது? அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து, வெற்றிடத்தில் பறக்கவிட்டு, எடையைக் கணக்கிடும். சிக்கல் என்னவென்றால், டி.என்.ஏ. போன்ற பெரிய மூலக்கூறைச் சூடாக்கினால் அது ஆவியாகாது, உடைந்துபோகும். இதற்கு நல்ல வழி கண்டவர் அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஃபென். கரைசலை மெல்லிய ஊசி வழியே செலுத்தி, ஊசி முனையில் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், அது நுண்துளிகளாகச் சிதறும். துளி காயக் காய, கடைசியில் மூலக்கூறு மட்டும் மின்னூட்டத்தோடு உடையாமல் மிஞ்சும். இதற்கு எலெக்ட்ரோஸ்பிரே என்று பெயர். 2002இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 85.

சரி, உப்புக்கு வருவோம். டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பு நெடுக பாஸ்பேட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு எதிர் மின்னூட்டம். நேர் மின்னூட்டம் உள்ள சோடியம் பக்கத்தில் வந்தால் போதும், போய் உட்கார்ந்துகொள்ளும். டி.என்.ஏ. இழை ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதியியல் எழுத்துகளால் கோத்தது. 20 எழுத்து நீளமுள்ள சின்ன இழையில் இப்படி 19 நாற்காலிகள். ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சோடியம் உட்கார்ந்தால் எடை 22 டால்டன் கூடும். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய ஒரு டால்டன். இரண்டு என்றால் 44. ஒரு மூலக்கூறில் ஒன்று, இன்னொன்றில் நான்கு, வேறொன்றில் ஏழு. திரையில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு சிகரம் எழும்; ஒரே ஒரு சிகரம் எழ வேண்டிய இடத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். சிக்னல் எல்லாவற்றுக்கும் பங்கு பிரிந்து எதுவுமே உருப்படியாகத் தெரியாது.

நாம் தேடுவதோ மிகச் சின்ன வித்தியாசம். டி இருந்த இடத்தில் ஏ வந்தால் எடை 9 டால்டன்தான் மாறும். சி இருந்த இடத்தில் ஜி வந்தால் 40. ஒரு பொட்டாசியம் ஒட்டினால் 38. மரபணு மாறியிருக்கிறதா, பொட்டாசியம்தான் ஒட்டியிருக்கிறதா என்று குழம்புவதற்கு இது போதாதா?

வேடிக்கை என்னவென்றால், டி.என்.ஏ.வைச் சுத்தம் செய்யப் பாடப்புத்தகம் சொல்லும் வழியே சோடியம் அசிட்டேட்டும் ஆல்கஹாலும் சேர்த்துப் படியவைப்பதுதான். மற்ற சோதனைகளுக்கு அது சரி. எங்களுக்கு வேலியே பயிரை மேய்ந்த கதை. சோடியத்துக்குப் பதில் அம்மோனியம் அசிட்டேட் எடுத்துக்கொள்கிறோம். 7.5 மோலார் செறிவுள்ள கரைசல், மாதிரியின் அளவில் பாதி. அப்புறம் குளிர்ந்த எத்தனால், இரண்டு, இரண்டரை மடங்கு. உறைபெட்டியில் வைத்து, சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகச் சுழற்சிக் கருவியில் சுற்றி, அடியில் படிந்ததை 70 சதவீத எத்தனாலால் கழுவுகிறோம். பொறுமை இருந்தால் இன்னொரு முறை. அம்மோனியமும் அதே நாற்காலிகளில்தான் உட்காரும். ஆனால் துளி காயும்போது அம்மோனியாவாகப் பறந்துவிடும், போகும்போது ஒரு புரோட்டானை விட்டுவிட்டுப் போகும். எடையில் கலப்படம் இருக்காது. இவ்வளவு மரியாதையான விருந்தாளியை வேதியியலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ரொம்பக் குட்டை இழைகள் இப்படி ஒழுங்காகப் படியாது. அவற்றுக்கு சி-18 என்ற பொருள் அடைத்த சிறு குழாய் உண்டு. டி.என்.ஏ. அதில் ஒட்டிக்கொள்ளும், உப்பு தண்ணீரோடு போய்விடும். பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை, அதைச் செய்து வந்த மாதிரிதான் படாதபாடு. அதில் பொட்டாசியம், மெக்னீசியம், அமில-காரத் தன்மையைச் சீராக வைக்கும் டிரிஸ், சில சமயம் சோப்பு மாதிரியான டிட்டர்ஜென்ட் எல்லாமே இருக்கும். மெக்னீசியத்துக்கு இரட்டை மின்னூட்டம், பிடியும் இறுக்கம். அதைக் கவ்வி எடுக்க ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைப் போடலாம். ஆனால் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. சோடியம் உப்பு. திருடனைப் பிடிக்க அவன் தம்பியையே கூப்பிட்டது போல! அம்மோனியம் வடிவத்தில் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாள் கழுவினேன். புது அம்மோனியம் அசிட்டேட், புதுத் தண்ணீர், எல்லாம் புதிது. சோடியம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆய்வகத்தில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அண்ணன். வந்து திரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். “தம்பி, கரைசலை எதில் வச்சிருக்கே?” என்றார். “கண்ணாடி பாட்டில்லதான் அண்ணே.” அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். கண்ணாடியிலேயே சோடியம் இருக்கிறது. நாள்பட அது கரைசலுக்குள் கசியும். நான் உப்பைக் கழுவவில்லை, உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! அன்றிலிருந்து பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் பாட்டில், வெறுங்கை படாமல் கையுறை.

கழுவி முடித்ததைத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து கரைத்து, துளியளவு டிரை-எத்தில் அமீன் சேர்ப்போம். மிஞ்சிய சோடியத்தை அது தள்ளிவிடும். இதோடு ஹெக்ஸாஃபுளூரோ ஐசோபுரோபனால் சேர்க்கும் முறை 1997இல் வந்தது, இன்றும் பலர் கையாளுகிறார்கள். அது தண்ணீருக்கு முந்தி ஆவியாகி டி.என்.ஏ.வை விடுவிக்கும். அரிக்கும் தன்மை உள்ளது, புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். டிரை-எத்தில் அமீனுக்கு வேறொரு குணம். கருவிக்குள் போனால் நாள்கணக்கில் வெளியே வராது. அடுத்து நேர்மின் முறையில் புரதம் ஓட்ட வருகிறவர் 102 என்ற இடத்தில் பெரிய சிகரத்தைப் பார்த்துவிட்டு நம்மைத்தான் திட்டுவார். நானும் வாங்கியிருக்கிறேன்.

எங்களுக்கு மாதிரி அனுப்புகிற மாணவர்களிடம் இரண்டு கேட்பேன். உலர்த்தி, புது பிளாஸ்டிக் குழாயில் அனுப்புங்கள். கடைசியாக எந்தக் கரைசலில் இருந்தது என்று குழாய்மேல் எழுதுங்கள். முதலாவதைப் பலர் செய்கிறார்கள். இரண்டாவதற்கு இன்னும் நான்தான் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.