பத்திரத்தில் ஒட்டிய கன்மதம்

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, பாய் விரித்து இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். தலைப்பு ‘சிலாஜித்: சத்தா, சந்தையா?’ சிலாஜித் என்றால் மலைப்பாறையில் கசிகிற, மருந்து என்று விற்கிற பிசின். நான் சந்தைக் கட்சி. சரி, கதைக்கு வருவோம்.

எங்கள் சித்தப்பா மணாலிக்கு டூர் போனார். எல்லோரும் சால்வை வாங்க, இவர் மட்டும் ரோட்டோரம் ஒருவரிடம் நின்றுவிட்டார். அந்த ஆள் கறுப்புப் பிசின் ஒன்றைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாராம். நூல் நூலாக இறங்கிக் கரைந்ததாம். நெருப்பில் காட்டினாராம், பற்றவே இல்லையாம். சித்தப்பா விழுந்துவிட்டார். 100 கிராம், 3,000 ரூபாய். ஊருக்கு வந்ததும் சித்திக்குத் தெரியாமல் பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டினார்.

குளிரில் அது கல். மதுரைச் சித்திரை வெயிலில்? இளகிவிட்டது! பாறை இடுக்கில் கசிகிற சாமான்தானே, பொட்டலத்திலும் கசிந்தது. கசிந்து எங்கே போனது? வீட்டுப் பத்திரத்துக்கு! பத்திரத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டது.

தெரியாமல் அதையே எடுத்துக்கொண்டு லோன் கேட்கப் போனார்கள். மேனேஜர் பிரித்தார். பிரியவில்லை. இழுத்தார். வரவில்லை. கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். சிலாஜித்துக்குக் கோமிய வாசம் உண்டு, அந்தக் கால ஆயுர்வேத ஆசான் சரகரே எழுதியிருக்கிறார். மேனேஜர் சரகரைப் படித்தாரா என்ன? ‘சார், மாட்டு லோனுக்கு அடுத்த கவுண்டர்!’

வீட்டுக்கு வரும்வரை சித்தி வாயே திறக்கவில்லை. வந்ததும் ஒரே வரி: ‘மூட்டுவலி போகும்னீங்க, பத்திரம்ல போச்சு!’ நடுவர் ஐயா, நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மார்க்கும் அப்படியே தெரிய வேண்டும்.

இந்தச் சிலாஜித்தைத்தான் சித்த மருத்துவம் கன்மதம் என்கிறது. யானைக்கு மதநீர் வழிவதுபோலக் கல்லுக்கு வழிவது. அழகான பெயர், ஒப்புக்கொள்கிறேன். ‘தீரக்கூடிய நோய்களில் இதற்குத் தீராதது இல்லை’ என்று சரகர் சொன்னதை எதிரணி அக்கா மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அதே வைத்தியத்தில் சுத்தி, அதாவது சுத்தம் செய்வது, என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏனக்கா விழுங்கிவிட்டீர்கள்? திரிபலா கஷாயத்தில் கரைத்து, வடிகட்டி, வெயிலில் வைத்து, மேலே படிகிற ஆடையைத்தான் எடுப்பார்கள். சுத்தி இல்லாவிட்டால் ஈயமும் ஆர்சனிக்கும் கூடவே உள்ளே போகலாம். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அதையெல்லாம் விடுங்கள். அக்கா கடைசியாக ஒன்று சொன்னார், கைதட்டலும் வாங்கினார்: ‘பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்கிறாரே, இந்தத் தம்பிக்குப் பாட்டியே கிடையாதோ?’

இருந்தாள் அக்கா. உசிலம்பட்டிப் பக்கம். காதில் தண்டட்டி ஆட நடந்து வருவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் நிலவேம்புக் கஷாயம். நான் வாயை இறுக்கிக்கொள்வேன். அவள் அதட்ட மாட்டாள். டம்ளரைத் தூக்கி முதல் மடக்கைத் தான் குடிப்பாள். தண்டட்டி குலுங்க உடம்பைச் சிலிர்ப்பாள். ‘எனக்குந்தாண்டா கசக்குது, இந்தா’ என்பாள். அவள் ஒரு மடக்கு, நான் ஒரு மடக்கு. நீங்கள் சொல்கிற டப்பாவில் லேபிள் இருக்கிறது, விலை இருக்கிறது. முதல் மடக்கைக் குடிக்க யார் இருக்கிறார் அக்கா?

கடைசி நாட்களில் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என்னையும்தான். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று நானே கஷாயம் போட்டுக் கொண்டுபோனேன். என்னை உற்றுப் பார்த்தாள். டம்ளரை என் பக்கமே தள்ளினாள்.

‘யாரு பெத்த புள்ளையோ… நீ மொதல்ல குடிப்பா.’

குடித்தேன் அக்கா. நன்றி, வணக்கம்.