அயோமியின் இரண்டு விரல்கள்

அனைவருக்கும் மாலை வணக்கம். இன்று நாம் கேட்கப்போவது பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் வரும் முதல் பாட்டு. அதற்கு முன், அந்தக் குழுவின் கிதார்க்காரர் டோனி அயோமியைப் பற்றிக் கொஞ்சம்.

உங்கள் வலது கையை ஒரு முறை பாருங்கள். நடுவிரலும் மோதிரவிரலும் நுனி போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது 17. உயிருக்குயிராய்ப் பழகிய வித்தை கிதார். நீங்களோ இடக்கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய கையே இந்த வலது கைதான்.

இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்துப் பையன் டோனி அயோமிக்கு 1965-இல் இதுதான் நடந்தது. தகட்டுப் பட்டறையில் அன்று அவருக்குக் கடைசி நாள். ஒரு குழுவோடு ஜெர்மனிக்கு வாசிக்கக் கிளம்ப வேண்டும். மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், இனிப் போகவில்லை என்றார். அம்மா விடவில்லை, எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். வழக்கமாக அவர் பார்ப்பது வெல்டிங் வேலை. பிரஸ் மெஷினில் நிற்கிற ஆள் அன்று வராததால் இவரை அங்கே நிறுத்தினார்கள். மெஷின் கைமேல் இறங்கியது. வெடுக்கென்று இழுத்தார். கை வந்தது, நுனிகள் வரவில்லை.

அந்தத் தாயை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. எந்த அம்மாவும் அதைத்தானே சொல்லியிருப்பார்?

கிதாரை மறந்துவிடு என்றுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். பட்டறை மேலாளர் ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கேட்கிற மனநிலையில் அயோமி இல்லை. வற்புறுத்திக் கேட்க வைத்த பிறகுதான் மேலாளர் விஷயத்தைச் சொன்னார்: இதில் கிதார் வாசிப்பவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்துக்குப் பிறகு இடது கையில் இரண்டே விரல்களை வைத்துத்தான் தனி வாசிப்பெல்லாம் வாசிக்கிறார் என்று. அயோமி எழுந்து உட்கார்ந்தார்.

பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை உருக்கி உருண்டையாக்கினார். பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி அதில் விரல் நுழையத் துளை போட்டார். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் அளவுக்குக் கொண்டுவந்தார். தந்தி வழுக்கவே, பழைய தோல் சட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி மேலே ஒட்டினார்.

இதோ என் கையில் இருப்பது, நான் வீட்டில் செய்து பார்த்த உறை. இதைப் போட்டுக்கொண்டு வாசித்த முதல் நிமிடத்திலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. தந்தி எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியவில்லை. மெல்ல அழுத்தினால் ஒலி செத்துவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் சுரம் ஏறிவிடுகிறது. காதை வைத்துத்தான் விரலை நடத்த வேண்டும்.

அயோமியின் வாசிப்பில் நாம் கேட்கிற ஒவ்வொன்றும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. தடித்த தந்தி வலித்தது. மெல்லிய கிதார் தந்தி அன்று கடைகளில் கிடைக்கவில்லை, அதனால் பாஞ்சோ என்ற வேறொரு வாத்தியத்தின் தந்தியை வாங்கி மாட்டினார். நான்கு விரல் விரித்துப் பிடிக்கிற கார்டுகள், அதாவது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் சுரக்கூட்டுகள், சிரமமாயின. ஆகவே சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த, இரண்டு சுரப் பவர் கார்டுகளின் மேல் சாய்ந்தார். ஆம்ப்ளிஃபயரைக் கூட்டி வைத்து இந்த இரண்டு சுரத்தை அடித்தால் அறையே நிறையும். கூடுதலாக ஒரு சுரம் சேர்ந்தாலும் கலங்கிவிடும். கையால் முடியாதது என்று ஒதுக்கிய இடத்தில், காதுக்கு வேண்டியது கிடைத்தது.

இப்போது ஆல்பத்துக்கு வருகிறேன். பாட்டுக்கு ஓஸி ஆஸ்போர்ன், பாஸ் கிதாரில் கீஸர் பட்லர், டிரம்ஸில் பில் வார்ட், அயோமி. நால்வரும் ஆஸ்டன் வட்டாரத்துப் பையன்கள். பிளாக் சபாத் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ஒரே நாளில், ஏறக்குறைய 12 மணி நேரத்தில், முதல் ஆல்பத்தை மேடையில் வாசிப்பது போலவே வாசித்து முடித்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததுமே அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் மக்கர் பண்ணியது. மாற்றுக்கு வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜியைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கிதார் வடிவம்தான் அவருடைய அடையாளம். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, ஆல்பம் வெளிவந்தது. விமர்சகர்கள் பலர் கடித்துக் குதறினார்கள். இங்கிலாந்து மக்கள் அதை முதல் பத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.

முதல் பாட்டைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மழை, தேவாலய மணி, இடி. பிறகு மூன்று சுரங்கள். கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். ஆம், நம் கல்யாணி ராகத்தின் அதே மத்தியமம்! கல்யாணியில் அதன் ஒரு பக்கம் காந்தாரம், மறுபக்கம் பஞ்சமம். மத்தியமம் பஞ்சமத்தின் தோளில் போய்ச் சாயும்போது நமக்கு நெஞ்சு குளிர்கிறது. அயோமி பஞ்சமத்தில் போய் நிற்பதே இல்லை. சாய இடமில்லாமல் அந்தச் சுரம் அப்படியே நடுங்கிக்கொண்டு நிற்கிறது. ஐரோப்பிய இசைப் பாடங்களில் சட்ஜத்துக்கும் இந்த மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளிக்கு ‘இசையில் சாத்தான்’ என்றே பழைய பெயர் உண்டு. ஒரே சுரம் அங்கே பயம், இங்கே மங்களம். இதை உணர்ந்த நாளிலிருந்து கல்யாணியையும் நான் வேறு காதோடுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, அந்தப் பாட்டின் வேகம். அன்று சத்தமாக வாசித்த ராக் குழுக்கள் எத்தனையோ உண்டு. இவ்வளவு மெதுவாக வாசிக்கத் துணிந்தவர்கள் அரிது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நாம் காத்திருக்கிறோம் பாருங்கள், கனம் அங்கேதான் ஏறுகிறது. ஹெவி மெட்டல் என்கிறார்களே, அந்த ஹெவி என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இதுதான்.

1971-இல் மூன்றாவது ஆல்பம், மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி. சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு இதமாயிற்று, ஒலி இன்னும் பாதாளத்துக்குப் போயிற்று. அந்தப் பள்ளத்தில் பிறகு எத்தனை பேர் இறங்கினார்கள்! 1994-இல் கார்ன் குழு தன் முதல் ஆல்பத்தில் ஏழு தந்திக் கிதாரையே இன்னும் இறக்கிக் கட்டி வாசித்தது. கலிஃபோர்னியாவின் ஸ்லீப் குழு, டோப்ஸ்மோக்கர் என்று ஒரே பாட்டை 63 நிமிடம் இழுத்தது. கம்பெனி வெளியிட மறுத்த அந்தப் பதிவை இன்று ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இவர்கள் எல்லோரும் நுனி முழுதாக இருக்கிற விரல்களால் வாசிப்பவர்கள். ஆனாலும் வேண்டி விரும்பி அயோமியின் தளர்ந்த தந்தியைத் தேடிப் போனார்கள்.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். ஓஸியால் நிற்க முடியவில்லை, கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே பாடினார். 17 நாள் கழித்து அவர் இறந்துபோனார். அன்றும் அயோமி அந்த இரண்டு விரல்களிலும் உறையை மாட்டிக்கொண்டுதான் மேடை ஏறினார்.

விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டு ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். மழை தொடங்கியதும் யாரும் பேச வேண்டாம். மணி அடிக்கும், எண்ண வேண்டாம். மூன்றாவது சுரம் வரும்போது பஞ்சமத்தை மனசுக்குள் பாடிவிடாமல் இருக்க முயன்று பாருங்கள்.

தம்பி, போடுங்கள்.